பள்ளி ஹாக்கி அணியில் மகன்: ஒழுக்கம் வந்ததா, போனதா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஹாக்கி நன்றாக ஆடுவான் என்பதால் டிஎஸ்ஏ எனும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாக ஒரு கிறிஸ்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. இவர்கள் இந்துக் குடும்பம். "கிறிஸ்துவப் பள்ளி என்றால் ஒழுக்கம் இருக்கும், அதோடு விளையாட்டும் சேர்ந்தால் பிள்ளை பண்பாக வளர்வான்" என்று நம்பிச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில், கோல் வட்டத்துக்குள் வந்த பந்து அவன் காலில் பட்டு நின்றது. ஹாக்கியில் பந்தைக் காலால் நிறுத்துவது தப்பு. நடுவர் கவனிக்கவில்லை. அதையே அடித்துக் கோலாக்கினான். அணி 1-0 என்று ஜெயித்தது. அன்றிரவு நண்பர்களோடு போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது தாயாரின் காதில் விழுந்திருக்கிறது. பிறகு, தோற்ற ஓர் ஆட்டத்தில் ஸ்டிக்கைத் தரையில் வீசி, நடுவரைப் பார்த்துக் கத்தி, மஞ்சள் அட்டை வாங்கினான். பயிற்றுவிப்பாளர் அணி முழுவதும் கேட்க "உன்னால்தான் தோற்றோம்" என்று திட்டி, அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்து, அணியின் பைகளைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பிரச்சினை. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அணியினர் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்று ஜெபம் செய்கிறார்கள். மகனும் தலைகுனிந்து நிற்கிறான். படத்தில் அதைப் பார்த்த பாட்டி அழுதுவிட்டார். பாட்டி பூசிவிடும் திருநீற்றை அவன் லிப்ட்டிலேயே துடைத்துவிடுகிறான் என்பதும் இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. "பண்பும் வரவில்லை, சாமியும் போய்விடும் போலிருக்கிறது, பள்ளியை மாற்றிவிடலாம்" என்கிறார் கணவர். ஹாக்கியை விட்டால் ஜூனியர் காலேஜ் கனவு போய்விடும் என்று தாயார் பயப்படுகிறார். பயிற்றுவிப்பாளர்மீது புகார் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் சண்டை ஜெபத்தைப் பற்றி நடக்கிறது. எனக்கு அந்தக் கோல்தான் பெரிதாகப் படுகிறது.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கோல் போட்ட வீடியோவைக் கணவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள் என்று. பந்து காலில் பட்டது அப்போது அவருக்குத் தெரியாது. சரி. தெரிந்த பிறகு? வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீடியோவும் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. பயிற்றுவிப்பாளருக்கும் விஷயம் தெரியும். "கோச் சிரிச்சிட்டு விட்டுட்டார்" என்று மகனே சொல்லியிருக்கிறான். ஸ்டிக்கை வீசிய அன்று மட்டும் எல்லாருக்கும் வாய் வந்தது. பயிற்றுவிப்பாளர் திட்டினார், நீங்கள் திட்டினீர்கள், அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

அவன் இடத்திலிருந்து பாருங்கள். ஜெயிக்க வைத்த தப்புக்குப் பாராட்டு. தோற்ற அன்று செய்த தப்புக்கு இரண்டு ஆட்டத் தண்டனை. 14 வயதுப் பையனுக்கு இதிலிருந்து என்ன புரியும்? தப்பு செய்யாதே என்று புரியாது. தோற்காதே என்றுதான் புரியும்.

விளையாட்டு தானாக எதையும் கற்றுத் தராது

கிறிஸ்துவப் பள்ளியில் விளையாட்டு, ஆகவே ஒழுக்கம் என்ற உங்கள் நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் மைதானமும் தேவாலயமும் சேர்ந்தே ஆளை உருவாக்கும் என்ற எண்ணம் வலுப்பட்டது. மிஷனரிகள் அதைப் போன இடமெல்லாம் கொண்டு போனார்கள். 1852இல் செயின்ட் ஜோசப்ஸ், 1862இல் செயின்ட் ஆண்ட்ரூஸ், 1886இல் ஆங்கிலோ-சைனீஸ் பள்ளி என்று சிங்கப்பூரில் தொடங்கிய மிஷன் பள்ளிகளிலும் விளையாட்டுக்குப் பெரிய இடம் கிடைத்தது.

ஆனால் அந்த வழியில் வந்தவர்களே மைதானத்தை அப்படியே நம்பிவிடவில்லை. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்எம்சிஏ எனும் கிறிஸ்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவரிடம் கேட்டபோது அவர் கவலைப்பட்டது முரட்டுத்தனத்தைப் பற்றி. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்றார். ஓடினால்தானே இடித்துத் தள்ளுவார்கள். கூடையைத் தலைக்கு மேலே மாட்டினார். வேகமாக எறிந்தால் கோல் விழாது, தூக்கிப் போட்டால்தான் விழும். பையன்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பி விட்டுவிடாமல், அதற்குத் தோதாக விதிகளை எழுதியிருக்கிறார் மனிதர்.

1980களில் பிரெண்டா பிரடமையர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர்களிடம் இரண்டு வகையான சிக்கல்களைக் கொடுத்து, எது சரி என்று கேட்டார்கள். ஒரு வகை அன்றாட வாழ்க்கையில் வருவது, இன்னொன்று மைதானத்தில் வருவது. வீட்டிலும் வெளியிலும் பிறரை நினைத்துப் பார்த்துப் பதில் சொன்னவர்களே மைதானம் என்றதும் தன் பக்க லாபத்தை மட்டும் பார்த்தார்கள். ஆட்டம் என்றால் வேறு கணக்கு என்று மனம் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. உங்கள் மகன் திருடனாகிவிட்டான் என்று நீங்கள் பதற வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கடையில் மீதிக் காசு கூடுதலாகக் கொடுத்தால் திருப்பிக் கொடுப்பவன்தான் அவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணக்கையும் இந்தப் பக்கம் இருக்கிற கணக்கையும் ஒன்றாக்குவது பெரியவர்கள் வேலை. அதை ஹாக்கி செய்யாது. பள்ளியின் பெயர்ப் பலகையும் செய்யாது.

எப்படிப் பேசுவது? ஆட்டம் முடிந்து வருகிற வழியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்த உடனே "ஏன் அவனுக்குப் பாஸ் பண்ணல?" என்று விசாரணை தொடங்கும் பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் குறைப்படுவது கொஞ்சநஞ்சமல்ல. குளிக்கட்டும், சாப்பிடட்டும். அப்புறம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஒரே ஒரு கேள்வி: "அந்த டீம் பையன் காலில் பட்டு கோல் போட்டிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க" என்பான். மறுக்க அவசரப்படாதீர்கள், அதில் உண்மையும் இருக்கிறது. "சரி, அப்போ அந்த கோல் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பெருமையாக இருந்தது என்றே சொல்லட்டும். உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை அதற்குப் பிறகு நீங்கள் இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம். மூன்றாவது வாக்கியத்தில் அவன் போனை எடுத்துவிடுவான்.

தலைமையாசிரியரிடம் போய் ஒப்புக்கொள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். ஆட்டத்தில் நடுவர் ஊதாவிட்டால் ஆட்டம் தொடரும், அது விளையாட்டின் நடைமுறை. ஆனால் அந்த வீடியோவைக் கணவர் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தார் என்று மகனிடம் அவரே சொல்லலாம். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது அவனுக்கு உறைக்கும்.

ஜெபமும் சேப்பலும்

சட்டத்தில் குழப்பமில்லை. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. சமயக் குழுக்கள் தங்கள் பிள்ளைகளின் கல்விக்காகப் பள்ளிகளை அமைத்து நடத்தலாம், அங்கே தங்கள் சமயத்தைக் கற்பிக்கலாம் என்கிறது. அதே பிரிவு, தன்னுடையதல்லாத ஒரு சமயத்தின் போதனையையோ வழிபாட்டையோ யார்மீதும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே சேப்பல் எனும் பள்ளி வழிபாட்டிலிருந்து மகனுக்கு விலக்கு வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கேட்கலாம். அப்படிக் கேட்டதற்காக அணியில் அவனுக்கு இடம் குறையக் கூடாது.

உரிமை இருக்கிறது என்பதற்காக உடனே எடுத்து நீட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. கணவர் "மதம் மாற்றுகிறார்கள்" என்கிறார். கடிதத்தில் அதற்கான அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை. யாரும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை, ஞானஸ்நானம் பற்றிய பேச்சில்லை, வீட்டுக்குத் தெரியாமல் தேவாலயத்துக்குப் போகவில்லை. இவற்றில் ஒன்று நடந்தாலும் தயங்காமல் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். இப்போது நடப்பது, நண்பர்கள் தோள்மேல் கைபோட்டு நிற்கும்போது இவனும் நிற்கிறான், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்குப் போவது நேற்று தொடங்கியதும் அல்ல. இன்றைய மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி, 1887இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் சோஃபியா பிளாக்மோர் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கியது. அப்போது அதன் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளிதான். பாட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் மகனிடம் கேளுங்கள். அந்த வட்டத்தில் நிற்கும்போது அவன் மனசுக்குள் என்ன நடக்கிறது? சில பிள்ளைகளுக்கு அது வெறும் அணி வழக்கம். சிலருக்குச் சங்கடம், ஆனால் விலகி நின்றால் தனியாகிவிடுவோமே என்ற பயம். சிலர் அங்கே நின்றபடியே முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மகன் எந்த ரகம் என்று தெரியாமலே கடிதம் எழுதிவிட்டால், அணியில் அவனுக்கு ஏற்படும் சங்கடத்துக்கு நீங்கள் காரணமாகிவிடுவீர்கள். அடுத்த விஷயத்தை உங்களிடம் சொல்ல மாட்டான். வட்டத்தில் அமைதியாக நின்று தன் சாமியை நினைத்துக்கொள்வது, ஜெபம் முடியும்வரை தள்ளி நின்று ஷூ கட்டிக்கொள்வது, ஜெபத்துக்குப் பதிலாக எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாமா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்பது என்று வழிகள் இருக்கின்றன. முதலாவது அவனுக்கும் உங்களுக்கும் சம்மதம் என்றால் மற்றவை தேவைப்படாமலே போகலாம்.

இவனுடைய பள்ளியிலும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கிறிஸ்துவப் பள்ளிகளுக்குப் பிடித்த கதை அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு கர்த்தருக்குரிய நாள் என்று அந்த ஓட்டத்தை விட்டுவிட்டார் லிடல். 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போய், 1945இல் ஜப்பானியத் தடுப்பு முகாமில் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்ற பிடிவாதம் அவருக்கு ஓட்டப் பாதையில் கிடைத்ததல்ல. வீட்டிலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் கொண்டுவந்தது. இந்தக் கதையை மதிக்கும் ஒரு பள்ளி, "நான் இந்து, உங்களோடு நிற்பேன், ஆனால் ஜெபம் சொல்ல மாட்டேன்" என்று ஒரு பையன் பணிவாகச் சொன்னால் அதைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. மகனுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள். தன் வழக்கத்தைச் சண்டை போடாமல், வெட்கப்படாமல் காப்பாற்றிக்கொள்ளத் தெரிவதும் நீங்கள் தேடும் பண்பில் சேர்ந்ததுதான்.

திருநீற்றை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பிலிருந்தே அவன் துடைத்துக்கொண்டிருக்கலாம். யாராவது கிண்டல் செய்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். செய்தால் அது பள்ளி கவனிக்க வேண்டிய விஷயம். செய்யவில்லை, அவனுக்கே கூச்சம் என்றால் பாட்டியும் பேரனும் பேசி ஒரு வழிக்கு வரட்டும்.

பயிற்றுவிப்பாளர் செய்ததில் எது சரி, எது இல்லை

ஸ்டிக்கை வீசியதற்கு இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தது நியாயம். அந்த ஸ்டிக் யார் காலிலாவது பட்டிருந்தால் எலும்பு போயிருக்கும். பை தூக்கச் சொன்னதும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. மற்றவர்களும் முறை வைத்துத் தூக்குகிற பைகள்தானே. ஆனால் 14 வயதுப் பையனை நிறுத்தி வைத்து "உன்னால்தான் தோற்றோம்" என்று அணி முன்னால் சொன்னது சரியில்லை. பதினொரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் அது உண்மையுமில்லை.

இதற்குப் புகார் என்ற சொல்லை இப்போது எடுக்க வேண்டாம். பல பள்ளிகளில் பயிற்றுவிப்பாளர் வெளியிலிருந்து வருபவர். ஹாக்கி போன்ற இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். தண்டனையை ஏற்கிறோம் என்று முதலில் எழுதுங்கள். பிறகு, எல்லார் முன்னும் சொன்ன அந்த வார்த்தை மகனை எப்படிப் பாதித்தது என்று இரண்டு வரி. அதன் பிறகு அந்தக் கோல் விஷயம்: "காலில் பட்ட பந்தைப் பற்றி அணியில் பேசப்பட்டதா? வீட்டில் நாங்கள் பேசப்போகிறோம், பள்ளியும் பேசினால் உதவியாக இருக்கும்." சொந்தப் பிள்ளையின் தப்பையும் சேர்த்து எழுதும் பெற்றோரின் கடிதத்தை ஆசிரியர் தள்ளிவைக்க மாட்டார்.

கை நீட்டியிருந்தால் கதை வேறு. சிங்கப்பூர்ப் பள்ளியில் பிரம்படிகூடத் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டுமே கொடுக்கலாம், அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். பயிற்றுவிப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது. அப்படி நடந்தால் மின்னஞ்சலோடு நிற்காமல் அன்றே பள்ளிக்குப் போய்விடுங்கள்.

பள்ளியை மாற்றுவது, ஜூனியர் காலேஜ் கனவு

டிஎஸ்ஏ வழியாக இடத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தப் பள்ளியில் தொடர வேண்டும், எந்தத் திறமைக்காக எடுக்கப்பட்டார்களோ அதில் பங்கெடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நினைத்த உடனே வேறு பள்ளிக்குப் போக முடியாது. ஹாக்கியை விடுவதும் வகுப்பாசிரியர், பொறுப்பாசிரியர் என்று உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். மகன் விட வேண்டும் என்று கேட்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கேட்பது கணவர்.

ஜூனியர் காலேஜ் பயம் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. அங்கே சேர்க்கைக்கான தேர்வுப் புள்ளி குறைவாக இருப்பதே நல்லது; அதிலிருந்து இணைப்பாட நடவடிக்கைக்காகக் கழிக்கப்படும் புள்ளிகள் இப்போதைய முறையில் அதிகபட்சம் 2. இணைப்பாட நடவடிக்கையை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 திட்டத்தில் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை என்று நான்கு பிரிவுகள் உண்டு; கோப்பை வாங்குவது அதில் ஒரு பிரிவுக்குள் அடக்கம். இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்ததால் எதுவும் கவிழ்ந்துவிடாது. தமிழும் கணக்கும் எப்படிப் போகிறது என்று பார்ப்பது அதைவிட உபயோகம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: தூக்கம் கெடுவது, அடிபட்டதை மறைத்து ஆடுவது, ஆட்டத்தன்று காலையில் வாந்தி, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இவற்றில் ஏதாவது தெரிந்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள், எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருக்கிறார். குடும்பமாகத் தமிழில் பேச வேண்டும் என்றால் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை அணுகலாம்.

இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டுவதாக இருந்தால், ஜெபம் பற்றிய பகுதியை முதலில் படிக்கக் கொடுங்கள். அவருடைய கவலைக்குப் பதில் கிடைத்த பிறகுதான் வீடியோ பற்றிய பேச்சை அவர் காதில் வாங்குவார்.